காட்டு மலையில் இரவு தங்கல்: திருச்சிராப்பள்ளி, ஸ்ரீரங்கம் மக்களை முன்வைத்து ஓர் ஆய்வு

காடு சூழ்ந்த மலைப்பகுதிக்குச் சென்று சில இரவுகள் தங்கி வரும் வழக்கம் இன்று மூன்று வடிவங்களில் நிலவுகிறது. முதலாவது குடில். ஓரிடத்தில் நிலையாகக் கட்டப்பட்ட சிறு வீடான இதில் வனத்துறையின் ஓய்வு விடுதியும், தோட்ட உரிமையாளர் தம் நிலத்தில் கட்டி வாடகைக்கு விடும் அறையும், மலைக் கிராமத்தார் தம் வீட்டின் ஒரு பகுதியை விருந்தினர்க்கு ஒதுக்கும் ஹோம்ஸ்டேயும் அடங்கும். இரண்டாவது கூடாரம். மூன்றாவது, திரைப்படப் படப்பிடிப்புகளின் வாயிலாகத் தமிழர்க்கு அறிமுகமான கேரவன், அதாவது படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை ஆகியவற்றைத் தன்னுள்ளேயே கொண்டு ஓடும் வண்டிவீடு. இம்மூன்றில் எது திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் வாழும் சமவெளி மக்களுக்குப் பொருந்தும், எந்த மலையில், எந்த மாதத்தில், யாருடைய அனுமதியோடு பொருந்தும் என்பதே இக்கட்டுரை ஆராயும் கேள்வி. பயணத் திட்டம் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அறையின் வசதியிலிருந்தும் வண்டியின் வசதியிலிருந்தும் தொடங்குகின்றனர். ஆனால் தங்கும் நிலம் யாருடையது, அங்கே எக்காலத்தில் தீப்பிடிக்கும், தங்குவோரின் கழிவு எந்த நீரில் போய்ச் சேரும் என்னும் மூன்றையும் முதலில் தீர்த்துக்கொண்டால், குடிலா கேரவனா என்னும் கேள்விக்கு விடை பெரும்பாலும் தானே கிடைத்துவிடுகிறது.

வழியில் தங்குதல் இவ்வூருக்குப் புதியதன்று. மதுரை நாயக்கர் மரபில் 1689 முதல் 1706 வரை ஆட்சி நடத்திய இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்தவர் என்று இன்றளவும் நினைக்கப்படுகிறார். திருச்சிராப்பள்ளியின் மலைக்கோட்டைக்கு அருகிலுள்ள பேருந்து நிலையம் 'சத்திரம்' என்னும் பெயரை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறது. சத்திரம் என்பது வழிப்போக்கர் விலையின்றித் தங்கிச் செல்லும் அறக்கட்டடம். குடும்பத்தோடு நெடுந்தொலைவு செல்வோர் வில்வண்டியிலும் கூண்டு வண்டியிலும் வைக்கோல் பரப்பி, அதன்மேல் பாய் விரித்து, இரவு முழுதும் உறங்கியபடியே பயணம் செய்தனர் என்பதை நோக்கினால், வண்டியையே வீடாக்கும் கருத்தும் தமிழ்நாட்டிற்கு அயலானது அன்று. ஆனால் இவை யாவும் சமவெளிப் பெருவழிகளுக்கும் திருத்தலங்களுக்கும் உரியவை. காட்டுக்குள் தங்கும் கட்டடம் வேறொரு நோக்கத்தில் பிறந்தது. 1856இல் சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக ஹியூ கிளெக்ஹார்ன் அமர்த்தப்பட்டு, வனத்துறை உருப்பெற்று, 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபின், காடுகளைப் பார்வையிடச் செல்லும் அலுவலர் தங்குவதற்காக ஆங்காங்கே ஓய்வு விடுதிகள் எழுந்தன. அவை உல்லாசத்திற்காக அன்றிப் பணிக்காகக் கட்டப்பட்டவை; நீரூற்றுக்கு அருகிலும், காற்று மறைவிலும், சரிவு இறங்காத மேட்டிலும் இடம் தேர்ந்து கட்டப்பட்டவை. புதிதாக எழும் பல குடில்கள் காட்சி அழகு ஒன்றையே கருதிப் பள்ளத்தாக்கின் விளிம்பில் கட்டப்படுவதை எண்ணினால், பழைய விடுதிகளின் இடத்தேர்வில் இருந்த அறிவு மதிக்கத்தக்கது.

எந்த மலை?

திருச்சிராப்பள்ளி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 88 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6.5 செல்சியஸ் பாகை குறையும் என்பது வளிமண்டலவியலின் பொதுவிதி. கத்திரி வெயிலில் நகரம் 40 பாகையில் தகிக்கும்போது, 1,200 மீட்டர் உயரமுள்ள மேட்டுநிலம் 33 பாகையை ஒட்டியிருக்கும் என்று இதனால் கணக்கிடலாம். மரநிழலும் காற்றும் சேர்ந்தால் உடல் உணர்வது இன்னும் குறைவாக இருக்கும். குளிர்ச்சிக்காக உதகமண்டலம் வரை செல்லத்தான் வேண்டும் என்னும் எண்ணம் இக்கணக்கின்முன் வலுவிழக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலையின் துண்டுகளான பச்சைமலையும் கொல்லிமலையும் திருச்சிராப்பள்ளிக்கு வடக்கிலும் வடமேற்கிலும் அரை நாள் பயணத்திற்குள் நிற்கின்றன.

பச்சைமலை திருச்சிராப்பள்ளி, பெரம்பலூர், சேலம் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. துறையூர், உப்பிலியபுரம், சோபனபுரம் வழியாக மலையேறினால் டாப் செங்காட்டுப்பட்டி என்னும் ஊர் வரும். திருச்சிராப்பள்ளியிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர். வனத்துறையின் தங்குமிடம் இங்கே உள்ளது. வண்ணாடு, கோம்பை, தென்பரநாடு எனப் பகுக்கப்படும் இம்மலை ஊர்களில் மரவள்ளிக்கிழங்கு, முந்திரி, பலா ஆகியவை விளைகின்றன. மங்களம் அருவி, மயிலூத்து, கோரையாறு ஆகியவை மழைக்குப் பின் உயிர் பெறுகின்றன. இவ்வருவிகள் ஆண்டு முழுதும் ஓடுவன அல்ல என்பதைத் திட்டமிடுவோர் தொடக்கத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். பச்சைமலை கொடைக்கானலைப் போல் கடைத்தெருவும் ஏரிப் படகும் கொண்ட கோடைவாசத்தலம் அன்று. அதன் அமைதியே அதன் செல்வம். அது தெரியாமல் செல்வோர் ஏமாற்றத்தோடு திரும்புவர்.

கொல்லிமலை நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரியின் மலையாகச் சங்கப் பாடல்களில் பேசப்படும் இதற்கு, முசிறி, தொட்டியம், நாமக்கல், சேந்தமங்கலம் வழியாகக் காரவள்ளி வந்து, அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏற வேண்டும். கொண்டை ஊசி வளைவு என்பது சாலை ஏறத்தாழ முழுவதுமாகத் திரும்பி, வந்த திசைக்கே எதிராக மேலேறும் திருப்பம். ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலத்தில் செம்மேடு, சோளக்காடு முதலிய ஊர்களும், அறப்பளீசுவரர் கோயிலும், அதற்குக் கீழே ஆயிரத்திற்கு மேற்பட்ட படிகள் இறங்கிக் காண வேண்டிய ஆகாய கங்கை அருவியும் உள்ளன. அருவியாய் விழும் ஐயாறு மலையின் கிழக்கடியில் புளியஞ்சோலையில் வெளிப்பட்டு, திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வழியே ஓடிக் காவிரியில் கலக்கிறது. இச்செய்தியைப் பயணத்தின் அழகுக் குறிப்பாக மட்டும் கொள்ளலாகாது. கழிவு பற்றிப் பேசும்போது இது மீண்டும் வரும்.

பிற மலைகளைச் சுருக்கமாகக் கூறினால் போதும். திண்டுக்கல்லை அடுத்த சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவுகளும் மலைவாழைத் தோட்டங்களும் உடையது. ஓர் இரவுக்கு ஏற்றது. ஏற்காடு விடுதி நிறைந்த ஊர். காட்டுத் தங்கல் என்னும் சொல் அங்கே முழுதாகப் பொருந்தாது. கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் செல்வோர் 2024 மே 7 முதல் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி இ-பாஸ் பெற வேண்டியவராயினர். 2025 கோடையில் நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 வண்டிகளும், கொடைக்கானலுக்கு முறையே 4,000, 6,000 வண்டிகளும் என்று வரம்பு விதிக்கப்பட்டது. வண்டிகளை எண்ணித்தான் உள்ளே விட வேண்டும் என்னும் நிலைக்கு அம்மலைகள் வந்துவிட்டன என்பதே அருகிலுள்ள சிறு மலைகளை நாடுவதற்குப் போதிய காரணம். ஆனைமலைப் புலிகள் காப்பகத்துள் இருக்கும் டாப்சிலிப், வெட்டிய தேக்கு மரங்களை மலையுச்சியிலிருந்து சறுக்கிவிட்ட இடமாதலால் அப்பெயர் பெற்றது. அழிந்த காட்டை மீட்ட ஹியூகோ உட் என்னும் வன அலுவலரின் கல்லறை அங்கே உள்ளது. வனத்துறையின் விடுதிகளும் உண்டு. யானை நடமாடும் அக்காட்டில் தங்குவதற்கு முன், யானைக் கூட்டங்கள் வாழாத பச்சைமலையிலோ கொல்லிமலையிலோ இருமுறை தங்கிப் பழகுவது சமவெளிக் குடும்பத்திற்கு நல்லது.

நிலமும் அனுமதியும்

மலையில் கண்ணுக்குத் தெரியும் நிலம் ஒரே பச்சையாகத் தோன்றினாலும் சட்டத்தில் அது ஒன்றன்று. காப்புக்காடு என்பது அரசு அறிவிக்கையால் ஒதுக்கப்பட்டு, வனத்துறையின் அனுமதியின்றி நுழைதலும் தீ மூட்டுதலும் குற்றமாகும் நிலம். பட்டா நிலம் என்பது தனியார் உரிமை உடையது. இவ்விரண்டுக்கும் இடையே ஊர்ப் பொதுநிலமும், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின்கீழ் பழங்குடியினர் உரிமை கோரும் நிலமும் உள்ளன. பச்சைமலையிலும் கொல்லிமலையிலும் வாழும் மலையாளிகள் என்னும் பட்டியல் பழங்குடியினர் தமிழ் பேசும் மக்கள். அப்பெயர் கேரளத்தாரைக் குறிப்பதன்று, மலையில் வாழ்வோர் என்னும் பொருளது. கொல்லிமலையில் வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ஊர்த்தொகுதிகள் இன்றும் 'நாடு' என்னும் பெயரால் வழங்குவது, அங்கே ஒரு பழைய ஆட்சியொழுங்கு இருந்துவருவதைக் காட்டுகிறது. ஓடையோரத்துச் சமதளம் ஒன்று ஆளற்றுக் கிடப்பதால் அது யாருக்கும் உரியதன்று என்று எண்ணிக் கூடாரம் அடிப்பது, பிறர் வீட்டுத் திண்ணையில் கேளாமல் படுப்பதற்கு ஒப்பாகும்.

அனுமதி என்பது வெறும் தாள் அன்று என்பதை 2018 மார்ச் 11 தமிழ்நாட்டிற்கு உணர்த்தியது. அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினர். 23 பேர் உயிரிழந்தனர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி விரையும் என்பதும், அதைவிட வேகமாக மனிதர் மேலே ஓட இயலாது என்பதும், காட்டுக்குள் எத்தனை பேர் எவ்விடத்தில் உள்ளனர் என்பது அறியப்படாவிடில் மீட்பு தாமதமாகும் என்பதும் அந்நிகழ்வின் கொடிய பாடங்கள். அதே ஆண்டில் காடுகளிலும் வனவிலங்குப் பகுதிகளிலும் மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழ்நாடு அரசு கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறையும் தமிழ்நாடு வன அனுபவக் கழகமும் இணைந்து, பழங்குடி இளைஞரை வழிகாட்டிகளாகப் பயிற்றுவித்து, 40 வழித்தடங்களில் முன்பதிவுடன் கூடிய மலையேற்றத் திட்டத்தைத் தொடங்கின. காட்டில் நடக்க விரும்புவோர் இத்தகைய பதிவுபெற்ற வழியில் நடந்துவிட்டு, காட்டுக்கு வெளியே கூரையின்கீழ் உறங்குவதே இன்றைய நிலையில் நேரிய முறை. டாப் செங்காட்டுப்பட்டியில் தங்க விரும்புவோர் திருச்சிராப்பள்ளி மாவட்ட வன அலுவலகத்தை முன்கூட்டியே அணுகி இடம் உறுதிசெய்துகொண்டு புறப்பட வேண்டும். மலையேறிய பின் இடம் தேடுவது மாலை இருட்டில் முடியும்.

தனியார் குடில்களைப் பொறுத்தவரை, முன்பணம் செலுத்துமுன் உரிமம் உண்டா என்று கேட்பதை மக்கள் நாணமின்றிப் பழகிக்கொள்ள வேண்டும். தங்கும் வீடுகள், முகாம் நடத்துவோர், கேரவன் இயக்குவோர் ஆகியோர்க்குச் சுற்றுலாத் துறையில் பதிவுமுறை உள்ளது. மலையூர்களில் கட்டடம் எழுப்ப மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் விதிகளும் உள்ளன. நீலகிரியின் சீகூர்ப் பீடபூமியில் யானை வழித்தடத்தில் எழுந்த விடுதிகள் தொடர்பான வழக்கில், அவ்வழித்தடம் யானைகளுக்கே உரியது என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 14 அன்று தீர்ப்பளித்தது. வயநாட்டின் மேப்பாடிப் பகுதியில் 2021 சனவரியில் விடுதியொன்றின் கூடாரத்தில் தங்கிய பெண் யானை தாக்கி இறந்தார். அதே மேப்பாடிப் பகுதியின் முண்டக்கையையும் சூரல்மலையையும் 2024 சூலை 30 அதிகாலையில் நிலச்சரிவு அழித்தது. விலங்கின் வழியிலும் நீரின் வழியிலும் படுக்கை விரிக்கலாகாது என்பதை இந்நிகழ்வுகள் ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகின்றன. ஒரு குடில் ஓடைப்படுகைக்கு எவ்வளவு மேலே உள்ளது, அதன் பின்புறச் சரிவு மண் வெட்டி எடுக்கப்பட்டதா, மரம் நிற்பதா என்பவை அறையின் படங்களைவிட முதன்மையான விவரங்கள்.

கேரவன் பற்றிய தீர்ப்பு

அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கேரவன் பயணம் தழைத்ததற்கு வண்டி மட்டும் காரணமன்று. வண்டி சென்று நிற்கும் களமே காரணம். குடிநீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவை இறக்கும் தொட்டி ஆகிய மூன்றும் அமைந்த நிறுத்தக்களங்கள் அங்கே காடுகளின் விளிம்பெங்கும் உள்ளன. களம் இல்லாத ஊரில் கேரவன் என்பது கழிவைச் சுமந்து திரியும் பேருந்தே. இந்தியாவில் இவ்வுண்மையைக் கேரளம் உணர்ந்து, 2021இல் அறிவித்த கேரவன் கொள்கையில் வண்டிக்கும் நிறுத்தக்களத்துக்கும் சேர்த்தே திட்டமிட்டு, அடுத்த ஆண்டில் வாகமண்ணில் முதல் களத்தைத் திறந்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையும் கேரவன் சுற்றுலாவைக் குறிப்பிடுகிறது.

ஒரு கணக்கு இங்கே உதவும். ஒருவர் மிகச் சிக்கனமாக நாளொன்றுக்கு 30 லிட்டர் நீர் செலவிடுவதாகக் கொண்டால், நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இரண்டு நாளில் 240 லிட்டர் ஆகும். அது 240 கிலோகிராம் எடை. தொட்டி பாதி நிறைந்திருக்கும்போது அந்நீர் ஒவ்வொரு வளைவிலும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வண்டியின் நிலையைக் குலைக்கும். 70 வளைவுகளில் நீண்ட உடலுடைய வண்டி ஒரே வீச்சில் திரும்ப முடியாமல் பின்னுக்கு வந்து மீண்டும் திரும்ப நேரும்போது, எதிரே வரும் பேருந்தும் பின்னே வரும் இருசக்கர வண்டிகளும் நிற்க வேண்டியிருக்கும். இறக்கத்தில் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறித் தன் பிடியை இழக்கும். ஏறிய அதே கியரில் இறங்கி, எஞ்சினே வண்டியைத் தாங்கிப் பிடிக்கும்படி செய்ய வேண்டும் என்பது மலைச்சாலை ஓட்டுநரின் பாலபாடம். ஏறிவரும் வண்டிக்கே முதல் வழி என்பதும் விதி. இவற்றில் பழக்கமில்லாத ஒருவர் வாடகைக் கேரவனைத் தாமே ஓட்டிக்கொண்டு கொல்லிமலை ஏற எண்ணுவது விவேகமன்று.

அடுத்தது கழிவு. கேரவனில் இருவகைக் கழிவுநீர் சேரும்: பாத்திரமும் உடலும் கழுவிய நீர் ஒன்று, கழிப்பறைத் தொட்டியின் மலநீர் மற்றொன்று. முறையாக இறக்க இடமில்லாதபோது அது எங்கே திறக்கப்படும் என்பதை வெளிப்படையாகவே சொல்லியாக வேண்டும்: இருட்டில், ஓடையோரத்தில். கொல்லிமலையின் கிழக்குச் சரிவு ஓடைகள் ஐயாற்றில் சேர்கின்றன. ஐயாறு காவிரியில் சேர்கிறது. காவிரி ஸ்ரீரங்கத்தின் அம்மா மண்டபப் படித்துறையை வந்தடைகிறது. மலையில் கொட்டியது மலையோடு நின்றுவிடும் என்று நினைப்பவர், தம் வீட்டார் ஆடிப்பெருக்கன்று மூழ்கும் நீரில் அதைக் கலக்கிறார். ஆகவே நிறுத்தக்களம் அமையும் வரை பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் கேரவன் பொருத்தமற்றது என்பதே இவ்வாய்வின் முடிபு. கேரவன்மீது ஆர்வம் உடையோர் களம் உள்ள வாகமண் போன்ற இடத்தில் அதைத் துய்க்கலாம். அல்லது அடிவாரத்துச் சமவெளியில் உரிமையாளர் இசைவு பெற்ற தோப்பில் வண்டியை நிறுத்திவிட்டு, மலைக்குப் பேருந்தில் சென்று வரலாம்.

காலம்

குடும்பங்கள் மலைக்குச் செல்வது பள்ளி விடுமுறையில். தமிழ்நாட்டின் நீண்ட பள்ளி விடுமுறை ஏப்ரல், மே மாதங்களில். ஆனால் கிழக்குத் தொடர்ச்சி மலையின் பெரும்பகுதி இலையுதிர் காடு. மாசி தொடங்கி மரங்கள் இலையை உதிர்த்து, தரையெங்கும் காய்ந்த சருகு படிந்து, கோடைமழை விழும் வரை ஒரு பொறிக்காகக் காத்திருக்கும். வனத்துறையின் மலையேற்றத் திட்டமே 2025இல் பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை தீக்காலம் கருதி நிறுத்தப்பட்டது. மக்களுக்கு ஓய்வு கிடைக்கும் காலமும் காடு மிகவும் இடருறும் காலமும் ஒன்றோடொன்று மோதுகின்றன என்பது இவ்விடயத்தில் போதிய கவனம் பெறாத முரண். ஆடிப்பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவும் அறப்பளீசுவரர் கோயில் கூட்டமும் கொல்லிமலையை நிறைக்கும்; விழாவைக் காண அது நல்ல காலம், காட்டைக் காண அன்று. அக்டோபர் தொடங்கி வடகிழக்குப் பருவமழை வலுக்கும்போது அருவிகளில் குளிக்கத் தடை விழும், மண்சரிவால் சாலை அடைபடும்.

எஞ்சுவன இரண்டு இடைவெளிகள். காலாண்டுத் தேர்வு விடுமுறை அமையும் செப்டம்பர் இறுதியில் மழை பெய்து காடு பசுமையாக இருக்கும். பெருமழை இன்னும் தொடங்கியிராது. மார்கழிப் பிற்பகுதியிலிருந்து தைப்பொங்கலுக்குப் பின் சில வாரங்கள் வரை வானம் தெளிந்து, அருவிகளில் இன்னும் நீரிருந்து, இரவு குளிரும். இங்கே ஸ்ரீரங்கத்தார்க்கு மட்டும் உரிய ஒரு தடை உண்டு: அரையாண்டு விடுமுறையை ஒட்டி வைகுண்ட ஏகாதசிப் பெருவிழாவின் பகல்பத்தும் இராப்பத்தும் நிகழ்வதால், வீடு விருந்தினரால் நிறையும். அவர்களுக்குப் பொங்கல் விடுமுறையே உகந்தது.

உணவு, ஒளி, உடல்

காட்டுத் தங்கல் என்றவுடன் கொள்ளிக்கட்டை எரியும் முகாம் நெருப்பு நினைவுக்கு வருமாறு திரைப்படங்கள் பழக்கிவிட்டன. சருகுக் காட்டில் திறந்தவெளி நெருப்பு எக்காலத்திலும் தேவையற்றது. கோடையில் அது குற்றமும் பேரழிவும் ஆகும். மூடிய அறையிலோ வண்டியிலோ குளிருக்காகக் கரியடுப்பு வைத்துக்கொண்டு உறங்குவது அதனினும் கொடிது. கரி எரியும்போது வெளிப்படும் கார்பன் மோனாக்சைடு மணமோ நிறமோ இல்லாதது, உறங்குவோரை எழுப்பாமலே கொல்வது. 2024இல் கொடைக்கானல் விடுதியொன்றில் இவ்வாறு உயிரிழப்பு நேர்ந்தது. நெருப்பின்றி உண்ணும் வழியைத் தமிழர் நெடுங்காலமாக அறிவர். அது கட்டுச்சோறு. நல்லெண்ணெய் தாராளமாக விட்டுக் காய்ச்சிய புளிக்காய்ச்சலில் கலந்த சோறு முதல் நாள் முழுதும் கெடாது. புளிக்காய்ச்சலைத் தனியே எடுத்துச் சென்றால் மறுநாள் மலையூரில் சோறு மட்டும் வாங்கிக் கலந்துகொள்ளலாம். பெருமாள் கோயில் புளியோதரையில் பழகிய ஊருக்கு இதைக் கற்றுத்தர வேண்டியதில்லை. முதல் நாளைக் கட்டுச்சோற்றோடு முடித்து, அடுத்த வேளைகளை மலையூரார் சமையலுக்கு ஒதுக்குவது எல்லா வகையிலும் சிறந்தது: சாமையும் தினையும் கேழ்வரகும் விளையும் மலையில் அவற்றை உண்ணலாம், கொடுக்கும் பணம் மலையிலேயே தங்கும். மிளகு, பலா, வாழை ஆகியவற்றைக் கீழே சந்தையில் வாங்காமல் விளைவித்தவரிடமே வாங்குவதும் அவ்வாறே.

2019 சனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்கள் 14 வகைக்குத் தமிழ்நாட்டில் தடை உள்ளது. எவர்சில்வர்த் தூக்கும் தட்டும் நீர்க்கூசாவும் கொண்டுசென்றால் குப்பையே சேராது. சேர்ந்தது எதுவாயினும் அதே பையில் கீழே திரும்ப வேண்டும். வாழையிலையாயினும் அருவிக் கரையில் எறிந்தால் குரங்கும் காட்டுப்பன்றியும் உணவுக்காக மனிதரைத் தேடி வரப் பழகிவிடும்.

இரவின் ஒளி பற்றி மக்கள் போதிய அளவு எண்ணிப்பார்ப்பதில்லை. திருச்சிராப்பள்ளியிலிருந்து திண்டுக்கல் செல்லும் வழிக்கு மேற்கே, கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் 2022 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட கடவூர்த் தேவாங்கு சரணாலயம் இந்தியாவில் அவ்விலங்குக்கென அமைந்த முதல் சரணாலயம். இருளில் மட்டுமே இரை தேடும் தேவாங்கின் பெருங்கண்களுக்கு வண்டி விளக்கும் அலங்கார விளக்குச்சரமும் துன்பம் தருவன. மலைத் தங்கலில் ஒன்பது மணிக்கு மேல் விளக்கை அணைத்து, ஒலிபெருக்கியை வீட்டிலேயே விட்டுவருவோர்க்கு, நகர ஒளியில் காணக் கிடைக்காத விண்மீன்கள் கைம்மாறாகக் கிடைக்கும்.

உடல்நலம் குறித்து இரண்டு எச்சரிக்கைகள் போதும். புதரிலும் புல்லிலும் வாழும் நுண்ணிய ஒட்டுண்ணிகளின் கடியால் பரவும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படுவது. கடித்த இடத்தில் சிகரெட் சுட்டாற்போன்ற கருந்தழும்பு தோன்றலாம். மலையிலிருந்து திரும்பிய மூன்று வாரத்திற்குள் காய்ச்சல் வந்தால், மலைக்குச் சென்றதை மருத்துவரிடம் சொல்வதே பாதி மருத்துவம். காலத்தில் அறிந்தால் எளிதில் குணமாவது அது. பாம்பு கடித்தால் கட்டு இறுக்காமலும் கீறாமலும் கடிபட்ட உறுப்பை அசையாது வைத்து, 108 வண்டியில் நஞ்சுமுறி மருந்து உள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கைப்பேசித் தொடர்பு எல்லா இடத்திலும் கிடைக்காததால், தங்குமிடத்தில் அலைவரிசை கிடைக்கும் இடம் எது என்பதைப் பகலிலேயே கேட்டறிந்துகொள்வதும், எரிபொருளைத் துறையூரிலோ சேந்தமங்கலத்திலோ நிரப்பிக்கொள்வதும், இருட்டுமுன் மலையேறி முடிப்பதும் சிறு செயல்கள். விடுபட்டால் பெருந்துன்பம் தருவன.

முதன்முறை செல்லும் குடும்பத்திற்கு இவ்வாய்வு பரிந்துரைப்பது பச்சைமலை, இரண்டு இரவு, செப்டம்பர் இறுதி அல்லது தைப் பிற்பகுதி, வனத்துறை விடுதியோ மலையூரார் வீடோ, எதுவாயினும் முன்பதிவோடு, ஆறு பேருக்கு மிகாத குழு. இதற்குச் சொந்த வண்டியும் கட்டாயமன்று. சத்திரம் பேருந்து நிலையத்திலிருந்து துறையூருக்குப் பேருந்துகள் உள்ளன. துறையூரிலிருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு அரசுப் பேருந்து மலையேறுகிறது.